நாற்பது வயதில் மாணவர் ஆன கவிஞர்

ஆற்றங்கரையில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

வயது மூன்று இருக்கும். பக்கத்தில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பெற்றவர்களே விட்டுவிட்டுப் போன குழந்தை அது. ஜப்பான் நாட்டில், புஜி ஆற்றின் கரையில், 1684-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நடந்தது இது.

அந்த வழியாக ஒருவர் நடந்து வந்தார். மொட்டைத் தலை. கையில் ஜெபமாலை. பார்த்தால் துறவி போல இருப்பார். ஆனால் அவர் துறவி அல்ல, கவிஞர். குழந்தையைப் பார்த்து நின்றார். அங்கியின் கைமடிப்பில் இருந்த தின்பண்டத்தை எடுத்து அதனிடம் போட்டார். பிறகு தம் வழியே போய்விட்டார்.

அவர் பெயர் பாஷோ. ஜப்பான் தேசத்தின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கக் கூடாதா? இப்படிக் கேட்காதவர்கள் இல்லை. இந்தக் கேள்வியை உலகம் கேட்கும்படி செய்தவரே பாஷோதான். அவர் தம் பிரயாணக் குறிப்பில் இதை எழுதினார். குழந்தை அழுததையும் எழுதினார். தாம் தின்பண்டம் போட்டதையும் எழுதினார். தாம் நடந்து போனதையும் எழுதினார். ஒன்றையும் மறைக்கவில்லை. தமக்கு நல்ல பெயர் வரும்படி கதையைத் திருப்பவும் இல்லை.

அப்போது அவருக்கு வயது 40. பாட்டு எழுதுவதில் அவர் பெரிய ஆசிரியர். ஆனால் உரைநடையில் ஒரு மாணவர்தான். உரையும் பாட்டும் கலந்து எழுதுவது எப்படி என்று அந்தப் பிரயாணத்தில்தான் கற்கத் தொடங்கினார். கற்று முடிக்கப் பத்து ஆண்டு ஆயிற்று. முடித்த ஆண்டிலேயே அவர் ஆயுளும் முடிந்தது.

எஜமானனும் தோழனும்

பாஷோ 1644-ம் ஆண்டில் பிறந்தார். ஊர் உயெனோ. கியோட்டோ நகருக்குத் தென்கிழக்கே, இகா என்ற மலைநாட்டில் இருக்கிறது. குடும்பம் பெயருக்குத்தான் போர்வீரர் குலம். வசதி ஒன்றும் கிடையாது. பையனுக்கு 12 வயது ஆனபோது தகப்பனார் இறந்துவிட்டார்.

இளம் வயதில் பாஷோ ஒரு பிரபுவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார்.  அவருடைய மகன் யோஷிடாடா, பாஷோவைவிட இரண்டு வயது மூத்தவர். இருவருக்கும் ஒரே பைத்தியம்: பாட்டு. கியோட்டோவில் இருந்த கிகின் என்ற ஆசிரியரிடம் இருவரும் பாட்டுக் கலை பயின்றார்கள். ஒருவர் எஜமானன், ஒருவர் வேலைக்காரன். ஆனால் பாட்டு என்று உட்கார்ந்துவிட்டால் அந்தப் பேதம் மறைந்துவிடும்.

அந்தப் பாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பலர் கூடி உட்கார்ந்து பாடும் பாட்டு. முதலில் ஒருவர் சின்னஞ்சிறு பாட்டு ஒன்று சொல்வார். அதில் மூன்று பகுதி. 5, 7, 5 என்று மொத்தம் 17 ஒலிகள், அவ்வளவுதான். அடுத்தவர் அதோடு இரண்டு அடி சேர்ப்பார். அதற்கு அடுத்தவர் இன்னும் மூன்று அடி. இப்படியே சங்கிலி நீண்டுகொண்டு போகும். அந்த முதல் பாட்டுத்தான் பிற்காலத்தில் தனியே பிரிந்து ஹைக்கூ ஆயிற்று. ஹைக்கூ என்ற பெயரை அதற்கு நிலைநாட்டியவர் ஷிக்கி என்ற கவிஞர். அது பாஷோ காலத்துக்கு ஏறக்குறைய 200 ஆண்டு பிற்பட்ட சங்கதி. நம் பாரதியாரும் 1916-ம் ஆண்டில் சுதேசமித்திரன் பத்திரிகையில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

1666-ம் ஆண்டில் யோஷிடாடா திடீரென்று இறந்தார். பாஷோவுக்கு வயது 22. தோழன் போனான், வேலையும் போயிற்று.

1672-ம் ஆண்டில் பாஷோ எடோ நகருக்குப் போனார். இன்று டோக்கியோ என்கிறோமே, அந்த நகரம்தான் எடோ. கவிதை சோறு போடவில்லை. சில ஆண்டுகள் நகரத்துக் குடிதண்ணீர் வாய்க்கால் வேலையில் உத்தியோகம் பார்த்தார். மெல்ல மெல்லப் பெயர் பரவியது. சீடர்கள் சேர்ந்தார்கள்.

பாட்டு ஆசிரியர்களுக்கு அன்று ஒரு வருமானம் இருந்தது. வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் தாங்கள் எழுதிய பாட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆசிரியர் மார்க்குப் போட்டுத் தருவார். அதற்குப் பணம். தாராளமாக மார்க்குப் போடும் ஆசிரியர் வீட்டில் கூட்டம் அதிகமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை!

காய்க்காத வாழை

1680-ம் ஆண்டில் பாஷோ இந்தப் பிழைப்பை விட்டார். நகரத்தின் நடுவை விட்டு, சுமிதா ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புகாகாவா என்ற இடத்துக்குக் குடிபோனார். அங்கே ஒரு சிறு குடிசை. கொடுத்தவர் சம்பூ என்ற சீடர். பணக்கார மீன் வியாபாரி. இனிச் சீடர்கள் கொடுப்பதுதான் சாப்பாடு.

மறு ஆண்டு ரிக்கா என்ற சீடர் ஒரு வாழைக்கன்று கொண்டுவந்து குடிசை வாசலில் நட்டார்.

நமக்கு வாழை என்றால் பூ, காய், பழம், இலை, தண்டு எல்லாம் உதவும். ஜப்பானில் வளரும் அந்த வாழை அப்படி அல்ல. குளிரிலே நல்ல பழம் தராது. மரம் கட்டடத்துக்கு உதவாது. பெரிய இலை காற்றடித்தால் கிழிந்து தொங்கும். ஒன்றுக்கும் உதவாத அந்த மரத்தை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கிழிந்த இலையில் மழை விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரார் அந்த வீட்டை வாழைக் குடிசை என்றார்கள். ஜப்பானிய மொழியில் வாழைக்குப் பாஷோ என்று பெயர். அவரும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். இவ்வளவு நேரம் நாம் சொல்லிவந்த பெயர் இப்படி வந்ததுதான்!

1682-ம் ஆண்டின் கடைசியில், கடுங்குளிர் காலத்தில், எடோ நகரில் பெரும் தீ மூண்டது. வாழைக் குடிசை சாம்பலாயிற்று. பாஷோ உயிர் தப்பினார். அடுத்த ஆண்டு ஊரிலே தாயார் இறந்துவிட்டார். மகன் பக்கத்தில் இல்லை.

சீடர்கள் பணம் வசூல் செய்து புதுக் குடிசை கட்டிக் கொடுத்தார்கள். புதுக் கூரை, பழைய புகழ். வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே காலத்தை ஓட்டியிருப்பார். பாஷோவோ அடுத்த ஆண்டே புறப்பட்டுவிட்டார்.

தாயின் தலைமயிர்

புஜி ஆற்றங்கரையில் குழந்தையைக் கண்டது அந்தப் பிரயாணத்தில்தான். அதே பிரயாணத்தில் சொந்த ஊரான உயெனோவுக்கும் போனார். அண்ணன் வீடு. தாயார் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

அண்ணன் தலையில் நரை. நெற்றியில் சுருக்கம். உயிரோடு இருக்கிறோமே என்பதைத் தவிர அவருக்குப் பேச்சு வரவில்லை. ஒரு சிறு பையைத் திறந்தார். உள்ளே தாயின் வெள்ளை மயிர். அதைக் கும்பிடச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தார். சகோதரர்கள் இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

பாஷோ இதை எவ்வளவு எழுதினார் தெரியுமா? சில வரி உரை. கீழே ஒரு சிறு பாட்டு. அவ்வளவுதான். பக்கம் பக்கமாகப் புலம்பவில்லை. அண்ணனின் நரையும், பையும், மயிரும் உரையில் வந்துவிட்டன. நெஞ்சின் சூடு மட்டும் பாட்டுக்கு.

இதுதான் ஹைபுன். ஹைக்கூவின் மனத்தோடு எழுதும் உரை. உரை முன்னே நடக்கும். பாட்டு வந்து ஒரு கணம் நிற்கும். உரையில் சொன்னதையே பாட்டிலும் சொன்னால் கெட்டுப்போகும். பாட்டுக்குப் பொருள் சொல்வதற்காக உரை எழுதினாலும் கெட்டுப்போகும். இன்று பல நாடுகளில் பல மொழிகளில் ஹைபுன் எழுதப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடம் இது. கேட்க எளிது. எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

பாஷோவுக்கும் அது ஒரே நாளில் வரவில்லை. அந்த முதல் குறிப்பில் பழைய சீன நூல்களின் சாயல் நிறைய இருக்கிறது. 1687-ம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் மறுபடி பிரயாணம் போனார். மறுபடி எழுதினார். காலையில் மழை, மத்தியானம் வெயில், இந்த இடத்தில் ஒரு மரம், அந்த இடத்தில் ஓர் ஆறு என்று எழுதுவது யாராலும் முடியும். புதிதாக ஒன்று இல்லாவிட்டால் எழுதுவது எதற்கு என்பது அவர் அபிப்பிராயம்.

வடக்கே ஐந்து மாதம்

1689-ம் ஆண்டு மே மாதம் 16-ந் தேதி பாஷோ தம் மிகப் பெரிய பிரயாணத்தைத் தொடங்கினார். திரும்பி வருவோம் என்ற நிச்சயம் இல்லை. குடிசையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். கூட வந்தவர் சோரா. பக்கத்துக் குடிசைக்காரர், பாஷோவுக்கு விறகும் தண்ணீரும் கொண்டுவந்து உதவியவர். பிரயாணத்துக்காகத் தலையை மழித்துத் துறவி உடை போட்டுக்கொண்டார்.

மூட்டையில் என்ன இருந்தது? இரவில் குளிருக்குக் காகித அங்கி ஒன்று. குளித்தபின் உடுத்த மெல்லிய துணி. மழைக்கு ஒரு போர்வை. மை, தூரிகை. நண்பர்கள் வழியனுப்பும்போது கொடுத்த சாமான்கள். இந்தக் கடைசிப் பொருள்கள்தான் தொல்லை. தூக்கவும் முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை. முதல் நாளே எலும்பும் தோலுமான தோள் வலித்தது.

பெரும்பாலும் நடை. சில இடங்களில் குதிரை. சில இடங்களில் படகு. சுமார் ஐந்து மாதத்தில் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். ஜப்பானின் வடகிழக்கு மூலையெல்லாம் சுற்றி, மேற்குக் கடற்கரை வழியாக இறங்கி, ஓகாக்கி என்ற ஊரில் முடிந்தது அந்தப் பாதை. ஒரு மலை எல்லையில் மழையில் மாட்டிக்கொண்டு காவற்காரன் வீட்டில் மூன்று நாள் கிடந்தார்கள். அங்கே பேனும் தெள்ளுப்பூச்சியும். தலைமாட்டில் குதிரை வேறு! பெரிய கவிஞர் அதையும் விடாமல் பாட்டாக்கிவிட்டார்.

ஹிராயிசுமி என்ற இடத்தில் 500 ஆண்டுகளுக்கு முன் பெரிய பிரபுக்கள் வாழ்ந்தார்கள். யோஷிட்சுனே என்ற மாவீரன் 1189-ம் ஆண்டில் அங்கேதான் மாண்டான். பாஷோ போனபோது அரண்மனை இருந்த இடம் வயலாக இருந்தது. தொப்பியைக் கீழே போட்டு உட்கார்ந்து நெடுநேரம் அழுதார். மாளிகையின் பெருமை, போர், சாவு எல்லாவற்றையும் உரையில் சொன்னார். பாட்டில் சொன்னது அங்கே வளர்ந்திருந்த புல்லை.

மட்சுஷிமா தீவுகள் ஜப்பானின் பேரழகுக் காட்சிகளில் ஒன்று. புறப்படும் முன்பே அங்கே நிலா பார்க்க வேண்டும் என்று அவர் மனம் துடித்தது. போனார். பார்த்தார். தம் நூலில் அந்த இடத்துக்குத் தம் பாட்டு ஒன்றுகூட வைக்கவில்லை! சோராவின் பாட்டு ஒன்றை வைத்தார். தாம் பேசாமல் படுத்ததாகவும், தூக்கம் வரவில்லை என்றும் எழுதினார். பாட்டு வர வேண்டிய இடத்தில் வராமல் இருப்பதும் ஹைபுனில் ஒரு வித்தைதான்.

ஒரே ஒரு சொல்

மொகாமி என்று ஓர் ஆறு. அதன் கரையில் படகுத் தொழில் செய்த ஒருவர் வீட்டில் பாஷோ தங்கினார். அன்பர்கள் கூடினார்கள். விருந்தாளி முதல் பாட்டுச் சொல்வது வழக்கம். ஆற்றின் குளிர்ச்சியைப் புகழ்ந்து பாஷோ பாடினார். வெயில் காலத்தில் வீட்டுக்காரருக்கு மரியாதை செய்ய அதுதான் பொருத்தம்.

சில நாள் கழித்து அதே ஆற்றில் படகில் போனார். மழைக்காலம். வெள்ளம் பெருகி ஓடியது. இரண்டு பக்கமும் மலை. படகு கவிழ்ந்துவிடுமோ என்ற பயம். பிறகு நூல் எழுதும்போது அந்தப் பாட்டில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார். குளிர்ச்சி போயிற்று, வேகம் வந்தது. கரையில் உட்கார்ந்திருந்தவரின் பாட்டு, படகில் இருந்தவரின் பாட்டு ஆகிவிட்டது. உரையில் அபாயத்தைச் சொல்லிவிட்டு, பாட்டில் குளிர்ச்சியைச் சொன்னால் ஒட்டுமா?

மறு ஆண்டு, 1690-ல், பீவா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மலைக் குடிசையில் சில மாதம் தங்கினார். அந்த வாழ்வைப் பற்றி ஓர் உரை எழுதினார். உத்தியோகம் பார்க்க ஆசைப்பட்ட காலம், துறவியாகப் பார்த்த காலம், எல்லாம் போய்ப் பாட்டு ஒன்றையே பற்றிக்கொண்டு நிற்கும் நிலை எல்லாம் அதில் வருகின்றன. முழு உரையும் முடிந்தபின் கடைசியில் ஒரே ஒரு பாட்டு.

அதைத் திரும்பத் திரும்ப எழுதினார். சீடர் கியோராய்க்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். கியோராய் வைத்தியர் வீட்டுப் பிள்ளை. குருவிடம் மிகுந்த பக்தி உள்ளவர். அவரிடம் குருவே திருத்தம் கேட்கிறார்! ஹைபுன் என்ற சொல்லைப் பாஷோ எழுதியதும் அந்த ஆண்டில் கியோராய்க்குப் போட்ட கடிதத்தில்தான். அதற்கு அடுத்த ஆண்டு அந்த உரை அச்சில் வந்தது.

வடக்குப் பிரயாண நூலுக்கு இன்னும் அதிக காலம் பிடித்தது. ஐந்து மாதம் நடந்ததை எழுதி முடிக்க ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆயிற்று. நூலோ மிகச் சிறியது. ஒரு நாளில் படித்துவிடலாம். ஓக்கு நோ ஹோசோமிச்சி என்று பெயர். வடக்கே உள்நாட்டுக்குப் போகும் ஒடுங்கிய பாதை என்று பொருள்.

1694-ம் ஆண்டில் நல்ல எழுத்துக்காரர் ஒருவரைக் கொண்டு சுத்தப் பிரதி எழுதி வாங்கினார். அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. மூட்டையில் வைத்துக்கொண்டு மேற்கே புறப்பட்டார். ஊரில் அண்ணனிடம் அதைக் கொடுத்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒசாக்கா நகரில் இரண்டு சீடர்களுக்குள் மனத்தாங்கல். சமாதானம் செய்துவைக்க குரு போனார். வழியிலேயே உடம்பு சரியில்லை. வயிற்று நோய் முற்றியது. ஒரு பூ வியாபாரியின் வீட்டில் இடம் பிடித்துப் படுக்க வைத்தார்கள். கியோராய் உட்படச் சீடர்கள் ஓடி வந்தார்கள். நவம்பர் 28-ந் தேதி பாஷோ இறந்தார். வயது 50. உடலைப் படகில் ஏற்றி ஆற்றின் வழியே கொண்டுபோய், பீவா ஏரிக் கரையில் உள்ள கிச்சூஜி என்ற கோவிலில் அடக்கம் செய்தார்கள்.

நூல் 1702-ம் ஆண்டில்தான் அச்சாயிற்று.

சோராவின் நாட்குறிப்பு

கதை இத்தோடு முடியவில்லை. கூடவே நடந்த சோராவும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். அது 1943-ம் ஆண்டில் அச்சில் வந்தது. தேதி, மழை, வெயில், நடந்த தூரம், தங்கிய வீடு. பாஷோ எதை எழுதக் கூடாது என்றாரோ, அதையெல்லாம் சோரா ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்!

இரண்டையும் வைத்துப் பார்த்த அறிஞர்கள் திகைத்தார்கள். பல இடங்களில் ஒத்துவரவில்லை. இச்சிபுரி என்ற ஊர்ச் சத்திரத்தில், அடுத்த அறையில் இரண்டு விலைமாதர் தங்கியதாகப் பாஷோ எழுதியிருக்கிறார். அவர்கள் இசே கோவிலுக்குப் போகிறவர்கள். வழி தெரியாது, பயம். பின்னாலேயே வருகிறோம் என்று அழுதுகொண்டு கேட்டார்கள். பாஷோ முடியாது என்றார். பிறகு மனம் கேட்கவில்லை. இதைச் சோராவிடம் சொன்னதாகவும், சோரா எழுதி வைத்துக்கொண்டதாகவும் நூல் சொல்கிறது. சோராவின் குறிப்பிலோ அப்படி ஒரு வரி கிடையாது.

அப்படியானால் பொய்யா? சிலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். கற்பனையாக எழுதுகிறவர், தம்மைக் கருணை வள்ளலாகக் காட்டியிருக்கலாம். பாஷோ அங்கேயும் உதவி செய்யாமல் நடந்து போனவராகத்தான் தம்மை எழுதினார். புஜி ஆற்றங்கரையில் தொடங்கிய அந்த வலி, ஐந்து ஆண்டு கழித்தும் அவரை விடவில்லை போலும்.

1996-ம் ஆண்டில் இன்னொரு பிரதி வெளிப்பட்டது. அது பாஷோவின் சொந்தக் கையெழுத்து என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அதில் எழுபதுக்கு மேற்பட்ட இடங்களில் சிறு தாள்களை வெட்டி ஒட்டி, மேலே புது வாசகம் எழுதியிருக்கிறது. ஒட்டிய தாள்களுக்கு அடியில், வேண்டாம் என்று அவர் தள்ளிய சொற்கள் இன்னும் இருக்கின்றன.